சீமைப் படிப்பும் சொல்லப்படாத அன்றாடமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் சாலையோரங்களில் ஒருவகைப் பதாகைகள் முளைக்கின்றன. காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, வெள்ளை அங்கியும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் அணிந்த பதினெட்டு வயதுப் பிள்ளையொன்று கைகட்டி நிற்கும். பின்னணியில் வண்ண வண்ண வெங்காயக் கோபுரங்கள். பிள்ளை போகவிருப்பது ஜார்ஜியாவாக இருக்கலாம், உஸ்பெகிஸ்தானாக இருக்கலாம். பதாகை அச்சிடுபவருக்குக் கிடைப்பது எப்போதும் மாஸ்கோவின் கோபுரம்தான். 'மருத்துவம் பயில அயல்நாடு செல்லும்' என்று தொடங்கும் வாசகத்தின் கீழே மாமன்மார், சித்தப்பாமார், ஒன்றியப் பொறுப்பாளர்கள் என ஒரு நீண்ட பெயர்ப்பட்டியல். பனமரத்துப்பட்டிச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

ஆறாண்டுகள் கழித்து இன்னொரு பதாகை வரலாம், வராமலும் போகலாம். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிள்ளை எங்கே தூங்கியது, எதைத் தின்றது, யாரோடு பேசியது, எந்தக் கடையில் எந்தச் சொல் தெரியாமல் விழித்தது என்பதைச் சொல்லும் ஒரு நல்ல கதையைத் தமிழில் காட்டுங்கள் என்றால் நம் இலக்கிய நண்பர்கள் யோசனையில் ஆழ்ந்துவிடுகிறார்கள். இந்த மௌனம் தற்செயலானதன்று என்பதே நம் வாதம். அயல்நாட்டு மாணவரின் அன்றாடம் பேசப்படாமல் இருப்பதில் குடும்பத்தின் கௌரவத்துக்கு ஆதாயம் உண்டு. ஏஜெண்டின் வியாபாரத்துக்கு ஆதாயம் உண்டு. அரசின் மறதிக்கும் அது வசதி. இம்மூவரோடும் சண்டையிட்டிருக்க வேண்டிய சிற்றிதழ் உலகமோ 'இதிலெல்லாம் என்ன இலக்கியம் இருக்கிறது?' என்று தன் பங்குக்குக் கதவைச் சாத்திவைத்திருக்கிறது.

சீமைப் படிப்பு இந்தச் சமவெளிக்குப் புதிதன்று. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தவர். 1926இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும், மகள் பார்வதி ஆக்ஸ்போர்டிலும் படித்தார்கள். திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் நெசவுத் தொழில்நுட்பம் பயில இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய், திரும்பி வந்து சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இவர்களைப் பற்றிய ஊர்நினைவு 'சீமைக்குப் போய்ப் படிச்சவர்' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி ஒரு பட்டம் போன்றது. பட்டத்துக்குள் பசியும் குளிரும் நுழைவதில்லை. ஜமீன் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்திருக்கலாம். அதே வரியை இன்றைக்கு அரளித் தோட்டக்காரரின் பிள்ளைக்கும் மாட்டிவிடுவதில்தான் சிக்கல்.

சேலத்து அரசு மருத்துவக் கல்லூரி தாங்கி நிற்பது மோகன் குமாரமங்கலத்தின் பெயரை. அங்கும் அதுபோன்ற பிற கல்லூரிகளிலும் அரசு இடம் கிடைக்காத, தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கோடியை எட்டும் தொகையைப் புரட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்தாம் கார்கிவ்வுக்குப் போனார்கள். தபிலிசிக்கும் சமர்கந்துக்கும் மணிலாவுக்கும் போகிறார்கள். சீமையில் படித்தவரின் பெயர் பொறித்த வாசலுக்குள் நுழைய முடியாமல் ஒரு விவசாயியின் பிள்ளை சீமைக்குப் போகிறது. இம்முரணை ஒரு ருஷ்ய ஆசிரியன் எழுதியிருந்தால் நாம் மொழிபெயர்த்துச் சிறப்பிதழ் போட்டிருப்போம்.

'பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் புலம்பல் நமக்கு எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் பனமரத்துப்பட்டிக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம். அரளிப் பூவுக்குப் பேர்போன வட்டாரம் இது. மொட்டாகவே பறித்தாக வேண்டும் என்பதால் இருட்டோடு இருட்டாகத் தோட்டத்தில் ஆள் இறங்கிவிடும். விடிவதற்குள் பூ சேலம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆயுத பூசைக்கு ஏறுகிற விலை, அடைமழைக் காலத்தில் பறிகூலிக்கும் கட்டுபடியாகாத அளவுக்கு இறங்கும். சேலம் நகரத்தின் தாகத்துக்காக வெள்ளையர் காலத்தில் உருவான இவ்வூர்ப் பேரேரி பல்லாண்டுகள் வறண்டு, சீமைக் கருவேலங்காடாகக் கிடந்தது. (சீமைக்கும் இவ்வூருக்குமான உறவில் தண்ணீரே இல்லாமல் தழைத்தது அந்த மரம் ஒன்றுதான்.) இப்படிப்பட்ட நிலத்தில் ஏழரை இலட்சத்துக்கு மேல் கல்விக் கடன் வேண்டுமென்றால் வங்கி சொத்துப் பிணை கேட்கிறது. தோட்டத்தின் பத்திரம் ஓரிடத்தில், தாலிக்கொடி நீங்கலான நகை இன்னோரிடத்தில் என்று வைத்துத்தான் விமானச் சீட்டு வாங்கப்படுகிறது. இவர்களைப் பணக்காரர் என்று அழைப்பதற்கு ஓர் அலாதியான துணிச்சல் வேண்டும்.

அனுப்பப்படும் பிள்ளையைப் பாருங்கள். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. கறிக்கோழிப் பண்ணை என்ற உவமை தேய்ந்தே போய்விட்டது. ஆனால் அவ்வுவமையைச் சொல்லிச் சிரித்தவர்கள் அதன் ஒரு விளைவைக் கவனிக்கவில்லை. விடியலுக்கு முன் மணியடித்து எழுப்பி, வரிசையில் நிறுத்திச் சோறு போட்டு, இரவு பத்து மணிவரை படிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோரைப் பார்க்க விடுகிற விடுதியில் இரண்டு முதல் ஆறாண்டுகள் வளர்ந்த பிள்ளை கடைக்குப் போய் அரைக்கிலோ தக்காளி வாங்கியதில்லை. தன் துணியைத் தானே துவைத்ததில்லை. முகமறியாத ஒருவரிடம் வழி கேட்டதில்லை. தமிழ்நாட்டில் 2017இல் நீட் நடைமுறைக்கு வந்தபின் இவ்விடுதிகள் கூடுதலாக ஓரிரு ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டன. அன்றாடம் என்ற ஒன்றே பறிக்கப்பட்ட பிள்ளையைத்தான் முற்றிலும் அந்நியமான ஓர் அன்றாடத்துக்குள் தூக்கிப் போடுகிறோம். ஆயிரம் மதிப்பெண் வாங்கிய தலையோடு அது ஒரு வேற்றூர்ச் சமையலறையின் நடுவே நிற்கிறது.

அந்தச் சமையலறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உக்ரைனிலும் ருஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் படித்த மாணவர்களோடு பேசியதில் நாம் அறிந்தது: பழைய சோவியத் பாணி விடுதிகளில் மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை இருக்கும். நான்கைந்து அடுப்புகள், அவற்றில் இரண்டு வேலை செய்யும். ஒரு மாடியில் நைஜீரிய மாணவரும் மொராக்கோ மாணவரும் கேரளத்தாரும் ஹரியானாக்காரரும் நம்மவரும் அதற்காகக் காத்திருப்பார்கள். எனவே அறைக்குள்ளேயே ஒரு மின்னடுப்பைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துச் சமைப்பது. விடுதிக் காப்பாளரான பாட்டியம்மா குக்கரின் விசில் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் தட்டுவது. விசிலுக்குப் பதில் ஈரத்துணியைப் போட்டு நசுக்கிச் சோறாக்கக் கற்பது. ஊரிலிருந்து போன முப்பது கிலோ மூட்டையில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் தீபாவளிக்குள் தீர்ந்துவிடும். பிறகு உருளைக்கிழங்கு, முட்டை, முட்டைக்கோசு, மறுபடியும் உருளைக்கிழங்கு.

வெளியே சாப்பிடப் போனால் எல்லாவற்றின்மேலும் ஒரு தழையைக் கிள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதன் வாடை நம் பிள்ளைகளுக்குக் குமட்டுகிறது. அது வேறொன்றுமில்லை, சதகுப்பைத் தழை. சேலத்து நாட்டு மருந்துக் கடையில் பிள்ளைபெற்றவளுக்கு வாங்கிப்போகிறோமே, அதன் விதை இந்தச் செடியினுடையதுதான். பனமரத்துப்பட்டிப் பக்கத்து மாணவியொருத்தி ஈராண்டுகள் அந்தத் தழையைச் சபித்துவிட்டு, விடுமுறைக்கு வந்த இடத்தில் அக்காளின் பேறுகால மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் அந்த வாடையை அடையாளம் கண்டாள். 'அட, நம்ம வீட்டு நாத்தந்தானா' என்று இருந்தது என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிற அந்நியமும் வீடும், நம் சிற்றிதழ்களில் 'புலம்பெயர் மனநிலை' பற்றி வரும் இருபது பக்கக் கட்டுரைகளில் இல்லை.

குளிரைப் பற்றியும் தவறான கற்பனையே ஊரில் நிலவுகிறது. 'ஐஸ் மழையில எப்படி இருக்கறயோ' என்று பாட்டிமார் கவலைப்படுகிறார்கள். அந்நகரங்களில் நகரம் முழுமைக்கும் பொதுவாக வெந்நீர்க் குழாய்கள் வழியே கட்டடங்களுக்கு வெப்பம் வருகிறது. அதைத் திறந்துவிடும் நாளை நிர்வாகம் தீர்மானிக்கும். சராசரி வெப்பநிலை தொடர்ந்து சில நாட்கள் 8 பாகைக்குக் கீழே இறங்கியபின், பெரும்பாலும் அக்டோபர் நடுவில் திறப்பார்கள். புதிய மாணவர் வந்திறங்குவதும் அந்தப் பருவத்தில்தான். ஆக, குழாய் திறப்பதற்கு முந்தைய அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் பிள்ளை குளிரில் அழுகிறது. சனவரியில், வெளியே பூச்சியத்துக்குக் கீழே பல பாகைகள் இருக்கும்போது, அறைக்குள் பனியனோடு உட்கார்ந்து படிக்கலாம். செப்டம்பரிலேயே ஒரு நல்ல கம்பளியை வாங்கிவிடு என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். முன்னே போனவர்கள் தம் நாட்களை எழுதிவைக்காததால், பின்னே போகிறவர் ஒவ்வொருவரும் முதல் ஆளாகவே நடுங்குகிறார்.

மொழிக்கு வருவோம். 2021ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணைய விதிகள், அயல்நாட்டில் 54 மாதங்களுக்குக் குறையாமல் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிக் கல்வி என்று கறாராக வரையறுக்கின்றன. மாதங்களை எண்ணத் தெரிந்த விதிகளுக்கு நோயாளி எந்த மொழியில் முனகுகிறார் என்று தெரியவில்லை. வகுப்பறை ஆங்கிலத்தில் இருக்கலாம். வார்டில் படுத்திருக்கும் கிழவருக்கு ஆங்கிலம் தெரியாது. 'எங்கே வலிக்கிறது?' என்று அவருடைய மொழியில் கேட்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். கிழவர் சொல்லும் பதில் விளங்குவதில்லை. பேராசிரியர் மொழிபெயர்த்துச் சொல்லும்போது, கிழவர் தன் மருமகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் உதிர்ந்துபோய் 'வயிற்றுவலி, மூன்று நாட்கள்' என்பது மட்டும் மிஞ்சுகிறது. இப்படி ஆயிரம் நோயாளிகளின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்புகிற பிள்ளை, இங்கே 300 கேள்விகளுக்கு விடையளித்துக் குறைந்தது 150 மதிப்பெண் பெற்றால்தான் மருத்துவர். 2023 டிசம்பர், 2024 சூன் ஆகிய இரு அமர்வுகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினார்கள். இந்த எண்ணைச் சொல்லிப் பிள்ளைகளை எள்ளுகிறவர்கள் யாரும் அந்த வார்டுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

எள்ளல் வெறும் தெருப்பேச்சு மட்டுமன்று. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது ருஷ்யா படையெடுத்து, நம் மாணவர்கள் நிலவறைகளில் பதுங்கிக் கிடந்த அதே நாட்களில், ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்போரில் 90 விழுக்காட்டினர் தகுதித் தேர்வில் தேறுவதில்லை என்றார். புள்ளிவிவரத்தின் சரிதவறு ஒருபுறம் இருக்கட்டும். அதைச் சொல்லும் நேரமா அது? 'இங்கே தகுதியில்லாமல் அங்கே ஓடியவர்கள்' என்ற பொதுப்புத்திக்கு அது தீனியாயிற்று. வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கும் நீட் தகுதி வேண்டும் என்பது 2018 முதலே விதி. தகுதி பெற்றும் இடம் பெறாதவர்கள் அவர்கள். மார்ச் 1ஆம் நாள் கார்கிவ் நகரில் கொல்லப்பட்ட கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மாணவர், உணவுப்பொருள் வாங்க வெளியே போயிருந்தபோது இறந்தார். போர்க்களத்திலும் மாணவனின் சாவு ஒரு மளிகைக்கடை வரிசையில்தான் வந்து நின்றது. சுமி நகரத்து விடுதிகளில் குழாய் நீர் நின்றதும் பனியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள். அந்தப் பத்து நாட்கள் மட்டும் தொலைக்காட்சிகளுக்கு மாணவனின் சோறும் தண்ணீரும் செய்தியாயின. விமானம் தரையிறங்கி, மாலை போட்டுப் படம் எடுத்தபின், வேறு நாடுகளுக்கு மாற்றிக்கொண்டு போய் மறுபடியும் உருளைக்கிழங்கு வேகவைத்தவர்களைப் பற்றிப் பேச்சில்லை.

குடும்பத்தின் பங்கையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குளிர்காலத்தில் உக்ரைனுக்கும் நமக்கும் மூன்றரை மணிநேர வேறுபாடு. அரளி பறிக்கத் தாய் இறங்கும் நான்கு மணிக்கு அங்கே நள்ளிரவு தாண்டி அரைமணி. பிள்ளை படித்துக்கொண்டு விழித்திருக்கும். காதில் செருகிய கைப்பேசியோடு மொட்டுப் பறித்தபடி தாய் கேட்பாள்: 'சாப்பிட்டயா கண்ணு?' 'சாப்பிட்டனம்மா.' பெரும்பாலும் பொய். 'அங்கெல்லாம் நல்லா இருக்குதா?' 'நல்லா இருக்குதும்மா.' அதுவும் பொய். தாயின் தரப்பிலும் பொய் உண்டு: பூ விலை நன்றாக இருக்கிறது, நகை மீட்டாயிற்று, தாத்தா தூங்குகிறார். தாத்தா இறந்து பதினைந்து நாள் ஆகியிருக்கும். பரீட்சை முடியட்டும் என்று சொல்லாமல் வைத்திருப்பார்கள். இரு பக்கமும் அன்பினால்தான் பொய் சொல்கிறார்கள், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதாகையில் பெயர் போட்ட மாமன்மாரின் கண்ணுக்கு அஞ்சியும் சொல்கிறார்கள். 'முடியவில்லை, திரும்பி வருகிறேன்' என்ற வாக்கியத்தைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு உரிமையில்லாமல் ஆக்கிய கௌரவத்தை என்னவென்பது? அவ்வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் அயல்நாட்டு விடுதி அறையில் உயிரை முடித்துக்கொண்ட மாணவர்களின் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வருகிறது. 'படிப்புச் சுமை' என்று காரணம் போட்டு முடிக்கிறார்கள்.

மரணச் செய்தியை மறைத்தல் நூறாண்டுகளுக்கு முன்பும் நடந்தது. 1888இல் இலண்டனுக்குப் படிக்கப் போன காந்தி 1891இல் திரும்பி வந்து இறங்கியபோதுதான் தாய் இறந்த செய்தி அவரிடம் சொல்லப்பட்டது. இதை நமக்குச் சொன்னவர் காந்தியே. 'சத்திய சோதனை'யின் இலண்டன் பகுதிகளை மறுபடி எடுத்துப் படிக்கும்படி இலக்கிய நண்பர்களை வேண்டுகிறோம். அங்கே பெரிய தத்துவம் எதுவுமில்லை. தங்கியிருந்த வீட்டில் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுக்குமேல் கேட்கக் கூச்சப்பட்டு அரைப்பட்டினி கிடந்தது, தெருத்தெருவாய் அலைந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டது, அறையிலேயே ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் குடித்து நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்சில் சாப்பாட்டை முடித்தது. அயல்நாட்டு மாணவனின் வரவுசெலவுக் கணக்குத்தான் அது. அதை எழுத அவர் வெட்கப்படவில்லை.

இராமானுஜன் எழுதவில்லை. ஈரோட்டில் பிறந்த அந்த மனிதர் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். கட்டிலில் அடுக்கி ஓரங்களைச் செருகி வைத்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேலங்கியையும் சால்வையையும் சுற்றிக்கொண்டு அவற்றின்மேல் நடுங்கிப் படுத்திருந்தார். அதைக் கண்டு விளக்கிச் சொன்னவர் அங்கே படித்துக்கொண்டிருந்த இன்னோர் இந்திய மாணவர், பிற்காலத்தில் புள்ளியியலில் புகழ்பெற்ற மகலனோபிஸ். அவர் சொல்லியிராவிட்டால் இன்று நமக்கு அந்தப் போர்வைக் கதையே இல்லை. தாமே சமைத்து, நேரங்கெட்ட நேரத்தில் உண்டு, போர்க்காலத் தட்டுப்பாட்டில் உடல் உருக்குலைந்து, திரும்பிய மறுவருடமே 1920இல் முப்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அவருடைய சமன்பாடுகளுக்கு விளக்கம் எழுத உலகம் இருக்கிறது. அவருடைய ஐந்தாண்டுச் சாப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய பத்துப் பக்கம் கிடைத்திருந்தால் தமிழுக்கு அது எவ்வளவு பெரிய கொடை!

'மாணவ வாழ்வில் அனுபவ முதிர்ச்சி கிடையாது, எனவே இலக்கியம் ஆகாது' என்கிறவர்களிடம் ஒரேயொரு நூலைக் காட்டலாம். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் நம்மைக் கட்டிப்போடுவது ஏடு தேடிய கதை மட்டும்தானா? மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போன ஊர்களில் எந்த வீட்டில் சாப்பாடு, பசியோடு காத்திருந்த பொழுது என்ன, தந்தை எப்படிப் பிரிந்து போனார் என்பதெல்லாம்தானே? தமிழின் மாபெரும் தன்வரலாற்றில் கணிசமான பகுதி ஒரு மாணவனின் சோற்றுக் கவலை. தமிழில் பயண எழுத்துக்கு வழிகாட்டியாக நாம் கொண்டாடும் ஏ.கே. செட்டியாரும் 1930களில் சப்பானிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்த மாணவர்தாம். மாணவனாக இருந்தபோது திறந்த கண்கள் அவருடையவை. ஆக மரபு இருக்கிறது. அதை நீட்டிக்கத்தான் ஆளில்லை.

ஈழத்து நண்பர்கள் நமக்கு முன்னே நடந்து காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் அகதியாய் இறங்கியவர்கள் உணவகத்தில் கோப்பை கழுவியதை, அகதி விண்ணப்ப விசாரணையை, பனிக்காலத்துச் சிறு அறையை எழுதினார்கள். எழுத இடம் இருந்ததால் எழுதினார்கள்: நார்வேயில் 'சுவடுகள்', செருமனியில் 'தூண்டில்', பாரிசில் 'ஓசை', 'எக்ஸில்', 'உயிர்நிழல்'. அவ்வெழுத்துகளில் எல்லாம் கலைச்சிகரங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பல வெறும் நாட்குறிப்புகள். ஆனால் அந்த நாட்குறிப்புகளின் உரத்திலிருந்துதான் 'கொரில்லா' போன்ற ஒரு நாவல் 2001இல் எழுந்தது. நம் மாணவர்களுக்கு அப்படியோர் இதழும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் இதழ்களில் இரண்டு பக்கமும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்? ஏஜெண்டுகள். இன்றைய தேதியில் அயல்நாட்டு மாணவ வாழ்வைப் பற்றி மிகுதியாகத் தமிழில் பேசுவது அவர்களுடைய துண்டறிக்கையும் காணொளியும்தான். 'தென்னிந்திய உணவு உண்டு', 'குளிர் பழகிவிடும்', 'மொழி ஒரு பிரச்சினையே இல்லை'. மூன்று வாக்கியங்கள், மூன்றும் அன்றாடத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். அன்றாடம்தான் பெற்றோரின் உண்மையான பயம் என்று வணிகனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் விமர்சகர்களுக்குத் தெரியவில்லை. தென்னிந்திய உணவு என்பது வாரத்துக்கு ஒருநாள் பச்சரிசிச் சோறும் மஞ்சள் கரைத்த நீரும் என்று எழுத வேண்டியவர் அதை உண்ட பிள்ளை. எழுதினால் அடுத்த வீட்டுத் தம்பி ஒரு குக்கரும் ஐந்து கிலோ பருப்பும் கூடுதலாக எடுத்துப்போவான். போகவே வேண்டாம் என்றும் முடிவெடுப்பான். இரண்டுமே அவனுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்புகள்.

எதிர்த்திசையிலும் ஒரு மௌனம் உண்டு. நம் மாநிலத்துத் தனியார் கல்லூரிகளில் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். பேருந்தில் அவர்கள் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்புகிறது. வாடகைக்கு வீடு கேட்டால் அவர்களுக்கு முன்னால் வீடு காலியாகிறது, பின்னால் நிரம்பிவிடுகிறது. மரவள்ளிக்கிழங்கு அவர்களில் பலருடைய ஊர்களில் அன்றாட உணவு. சேலம், நாமக்கல் சமவெளியோ வண்டி வண்டியாக அதைச் சேகோ ஆலைகளுக்கு அனுப்புகிறது. ஆத்தூர்ச் சாலையில் கிழங்கு வண்டியைப் பார்த்து ஓர் ஆப்பிரிக்க மாணவன் என்ன நினைத்தான் என்று எந்தச் சேலத்து எழுத்தாளராவது கேட்டதுண்டா? தம் பிள்ளை சதகுப்பை வாடையில் திணறுகிறது என்று கலங்கும் ஊர்தான், இங்கே வந்த பிள்ளையைச் 'சாப்பிட்டாயா?' என்று கேட்காமல் கடந்துபோகிறது.

இதழாசிரியர்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'அனுபவங்களை உன்னதமாக்கி அனுப்புங்கள்' என்று சொல்லித் திருப்பியனுப்ப வேண்டாம். திரும்பி வந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள், தேறாமல் அப்பனின் தோட்டத்தில் அரளி பறிப்பவர்கள், தேறி ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஒரு நாளின் கதையை எழுதச் சொல்லுங்கள்: வசிப்பிட அனுமதி அட்டைக்கு நின்ற வரிசை, முதன்முதல் வாங்கிய காலணியின் விலை, விசிலை நசுக்கிய ஈரத்துணி, வார்டில் கிழவர் சொன்ன விளங்காத கதை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. தமிழில் தடுமாறித்தான் எழுதுவார்கள். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாது, மிகக்கூடாத இடத்தில் மிகும். அனுப்பச் சொல்லுங்கள், மெய்ப்பு நாம் பார்த்துத் தருகிறோம்.